குளிர்ந்திருக்க வேண்டிய கடல் சூடாகும்போது: பெருவின் கடலோர எல் நினோ

தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் எல் நினோ, அதாவது பசிபிக் கடல்நீர் இயல்பைவிடச் சூடாகும் நிலை, வந்திருப்பதாக எச்சரிக்கை விடப்பட்டிருக்கிறது என்று ஒரு செய்தி வரும். ஏறக்குறைய அதே நாட்களில் அமெரிக்க வானிலை அமைப்பு, பசிபிக்கில் எல் நினோ இல்லை, நிலைமை நடுநிலையாக இருக்கிறது என்று அறிவிக்கும். 2017-ன் தொடக்கத்தில் இப்படித்தான் நடந்தது. படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. யார் சொல்வது சரி?

இரண்டு தரப்பும் சொல்வது சரி. அவர்கள் அளப்பது இரண்டு வேறு கடற்பகுதிகளை. ஆனால் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறோம். இந்த வேறுபாடு புரிய வேண்டுமானால், பெருவின் கடல் ஏன் குளிர்ந்திருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அது தெரிந்தால்தான் அந்தக் கடல் எப்படிச் சூடாகிறது என்பதும், சூடானால் அங்கே ஏன் எல்லாமே தலைகீழாகிறது என்பதும் விளங்கும்.

வெப்பமண்டலத்தில் ஒரு குளிர்க்கடல்

பெருவின் வடக்குக் கடலோரத்தில், ட்ருஹியோ நகரத்தை ஒட்டி, வான்சாக்கோ என்ற மீனவர் ஊர் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 8 டிகிரியில் உள்ள ஊர். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே அதே 8 டிகிரியில் இருப்பது கன்னியாகுமரி. சூரியன் இரண்டு ஊர்களையும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் காய்ச்சுகிறது. ஆனால் குமரிக் கடலின் மேற்பரப்பு பெரும்பாலும் 27, 28 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது, வான்சாக்கோவின் கடல் ஆண்டின் பெரும்பகுதியில் 16 முதல் 20 டிகிரிக்குள்தான் இருக்கும். அங்கே அலைச்சறுக்கு விளையாடுபவர்கள் உடலை ஒட்டிய ரப்பர் உடை போட்டுக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குகிறார்கள்.

இந்த ஊரின் அடையாளம் கோரைப் படகு. டொடோரா என்ற கோரையைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, முன்பக்கம் மேல்நோக்கி வளையும்படி இறுக்கிக் கட்டுவார்கள். ஒருவர் மட்டும் ஏறி, பிளந்த மூங்கிலைத் துடுப்பாக வலித்துக்கொண்டு அலையைக் கடந்து போவார். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய மோசே நாகரிகத்தின் மண்பாண்டங்களிலேயே இந்தப் படகின் உருவம் இருக்கிறது. இவ்வளவு சின்னப் படகில் போய், கரைக்கு அருகிலேயே இத்தனை காலமாக மீன்பிடித்து வாழ முடிந்திருக்கிறது என்றால், மீன் கரையோரத்திலேயே கொட்டிக் கிடந்தது என்று பொருள். அந்த மீன் வளத்துக்கும் கடலின் குளிர்ச்சிக்கும் காரணம் ஒன்றே.

ஜெர்மானிய அறிவியலாளர் அலெக்சாண்டர் ஃபொன் ஹம்போல்ட் 1802-ல் இந்தக் கரைக்கு வந்தபோது கடலில் வெப்பமானியை இறக்கி, நீர் காற்றைவிடக் குளிர்ந்திருப்பதைப் பதிவு செய்தார். அதனால் அந்த நீரோட்டத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அவரோ, சிலி முதல் வடபெருவின் பைட்டா துறைமுகம் வரை உள்ள மீனவர்களுக்கு இது முந்நூறு ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம், வெப்பத்தை அளந்தது மட்டுமே என் வேலை என்ற பொருளில் எழுதியிருக்கிறார்.

குளிர் எங்கிருந்து வருகிறது?

தெற்கே அண்டார்க்டிக்கா பக்கமிருந்து வரும் நீரோட்டம்தான் குளிரைக் கொண்டுவருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது ஒரு பகுதிதான். கரையோரக் கடலைக் குளிர்விப்பதில் பெரும்பங்கு அதற்கு நேர் கீழே இருக்கும் நீருக்கு உரியது. அது நடக்கும் வரிசை இது:

1. பெருவின் கரையை ஒட்டித் தெற்கிலிருந்து வடமேற்காக ஆண்டு முழுவதும் காற்று வீசுகிறது. இது வெப்பமண்டலக் கடல்கள்மேல் கிழக்கிலிருந்து மேற்காக வீசும் வணிகக் காற்றின் ஒரு கிளை.

2. காற்று கடலின் மேல்நீரைத் தள்ளுகிறது. ஆனால் பூமி சுழல்வதால், தள்ளப்படும் நீர் காற்றின் திசையிலேயே போவதில்லை. தென்னரைக்கோளத்தில் அது இடப்பக்கம் விலகும். வடக்கு நோக்கிய காற்றுக்கு இடப்பக்கம் மேற்கு, அதாவது ஆழ்கடல். ஆகவே கரையோர மேல்நீர் கரையை விட்டு விலகிப் போகிறது. இந்த விலகலுக்குக் கணக்கு வகுத்தவர் சுவீடன் நாட்டு அறிஞர் எக்மன், 1905-ல்.

3. விலகிப்போன நீரின் இடம் வெற்றாக இருக்க முடியாது. கீழிருந்து நீர் ஏறி அதை நிரப்புகிறது. வெயில் படாத ஆழத்திலிருந்து வருவதால் அது குளிர்ந்திருக்கும்.

4. கடலில் செத்து மூழ்குவதெல்லாம் கீழே மக்குகிறது. அதனால் அந்த ஆழத்து நீரில் நைட்ரேட், பாஸ்பேட் போன்ற உரச்சத்து நிறைந்திருக்கிறது. அது வெளிச்சத்துக்கு வந்ததும் நுண்பாசி பெருகுகிறது, அதைத் தின்னும் நெத்திலி பெருகுகிறது.

இதை அடிநீர் மேலெழுச்சி என்கிறோம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையிலும் கேரளக் கரையிலும் கடல் குளிர்ந்து மீன் பெருகுவதும் இதே வகைதான். அங்கே சில மாதங்கள் மட்டும் நடப்பது, பெருவில் ஆண்டு முழுவதும் நடக்கிறது. உலகக் கடற்பரப்பில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பகுதி அது. ஆனாலும் மீன்பிடிப்பு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் உலகின் மொத்தக் கடல்மீனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அங்கிருந்து வந்திருக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். கடலில் வெப்பம் மேலிருந்து கீழே சீராகக் குறைவதில்லை. மேலே ஒரு வெதுவெதுப்பான அடுக்கு, கீழே ஒரு குளிர்ந்த அடுக்கு, இரண்டுக்கும் இடையே வெப்பம் சட்டென்று இறங்கும் ஒரு எல்லை. அந்த எல்லைக்குத் தெர்மோக்ளைன் என்று பெயர். வணிகக் காற்று மேல்நீரை மேற்கே தள்ளிக்கொண்டே இருப்பதால், பசிபிக்கின் மேற்குக் கோடியில், இந்தோனேசியா பக்கம், இந்த எல்லை 150 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பெரு பக்கமோ சில பத்து மீட்டரிலேயே வந்துவிடுகிறது. அதனால்தான் அங்கே மேலெழுச்சிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் குளிர்நீர் கிடைக்கிறது.

சூடாவதற்கு இரண்டு வழிகள்

இந்தக் கடல் சூடாவது என்றால், வெயில் கூடிக் காய்ச்சிவிட்டது என்று பொருளில்லை. கீழிருந்து வரும் குளிர்நீர் நின்றுவிட்டது, அல்லது குறைந்துவிட்டது. அது இரண்டு விதமாக நடக்கலாம். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன குழப்பத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

*முதல் வழி, தொலைவிலிருந்து வருவது.* பசிபிக்கின் நடுவிலும் மேற்கிலும் வணிகக் காற்று தளர்கிறது, சில சமயம் எதிர்த்திசையிலேயே வீசுகிறது. அகலமான தொட்டியின் ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடித்த தண்ணீரைக் கையெடுத்தால் அது மறுபக்கம் ஓடி வருமல்லவா, அப்படி மேற்கே தேங்கிய வெதுநீர் கிழக்கு நோக்கி அலையாக நகர்கிறது. கெல்வின் அலை என்று பெயர். கண்ணுக்குத் தெரிகிற அலையல்ல. மேற்பரப்பு சில சென்டிமீட்டர்தான் உயரும், ஆனால் உள்ளே தெர்மோக்ளைன் பல பத்து மீட்டர் கீழே அமுங்கும். இந்த அலை இரண்டு மூன்று மாதத்தில் பசிபிக்கைக் கடந்து தென் அமெரிக்கக் கரையைத் தொடுகிறது. அப்புறம் பெருவில் காற்று வழக்கம்போல் வீசினாலும் பயனில்லை. மேலெழுச்சி நடக்கும், ஆனால் மேலே வருவது வெதுநீர்தான், அதிலும் உரச்சத்து இராது. 1982-83, 1997-98 ஆகிய பேரெல்நினோக்கள் இந்த வகை.

இதில் ஒரு சுழற்சியும் உண்டு. கிழக்கே கடல் சூடானால் அங்கே காற்றழுத்தம் குறையும். கிழக்குக்கும் மேற்குக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு குறைந்தால் வணிகக் காற்று இன்னும் தளரும். காற்று தளர்ந்தால் கிழக்கு இன்னும் சூடாகும். 1969-ல் ஜேக்கப் பியர்க்னஸ் என்ற வானிலை அறிஞர் இதை விளக்கிய பிறகுதான், பெருக் கரையின் உள்ளூர் நிகழ்வாகக் கருதப்பட்ட ஒன்று பசிபிக் முழுவதையும் தழுவியது என்பது பொதுவாக ஏற்கப்பட்டது.

*இரண்டாம் வழி, கரையோரத்திலேயே நடப்பது.* பசிபிக்கின் நடுப்பகுதி அமைதியாக இருக்கும். ஆனால் பெருவுக்கும் ஈக்வடாருக்கும் எதிரே உள்ள கடலில் மட்டும் தெற்கிலிருந்து வரும் காற்று சோர்ந்துவிடும், அல்லது வடக்கிலிருந்து நிலநடுக்கோட்டைத் தாண்டி வெப்பக் காற்று இறங்கும். மேலெழுச்சி தளரும், கரையோர மேல்நீர் வாரக்கணக்கில் அங்கேயே நின்று சூடாகும். இதுதான் கடலோர எல் நினோ.

19-ம் நூற்றாண்டில் பைட்டா துறைமுகத்துப் படகோட்டிகள், கிறிஸ்துமஸ் சமயத்தில் வடக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டத்துக்குக் குழந்தை இயேசுவைக் குறிக்கும் 'எல் நினோ' என்ற பெயரை வைத்திருந்தார்கள். கமிலோ கர்ரில்லோ என்ற கடற்படை அதிகாரி 1890-களின் தொடக்கத்தில் லிமா புவியியல் கழகத்தில் இதைப் பதிவு செய்தார். ஆக, எல் நினோ என்ற பெயர் முதலில் பைட்டாக் கரைக்குத்தான் சொந்தம். உலக அறிவியல் அதை எடுத்துப் பசிபிக் முழுவதற்கும் விரித்துக்கொண்டது. இப்போது பெருக்காரர்கள் தங்கள் பழைய நிகழ்வைக் குறிக்க 'கடலோர' என்ற அடைமொழி சேர்க்க வேண்டியிருக்கிறது.

அளவீடும் இதற்கேற்பப் பிரிகிறது. உலக அளவில் எல் நினோ உண்டா இல்லையா என்று சொல்ல, நடுப் பசிபிக்கில் நினோ 3.4 என்று பெயரிட்ட பகுதியைப் பார்க்கிறார்கள். நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் 5 டிகிரி, மேற்குத் தீர்க்கரேகை 170 முதல் 120 வரை. பெருவின் அரசு நிபுணர் குழுவான என்ஃபென் பார்ப்பதோ நினோ 1+2 பகுதியை. அது தென் அமெரிக்கக் கரையை ஒட்டியது, நிலநடுக்கோட்டிலிருந்து தெற்கே 10 டிகிரி வரை. இரண்டுக்கும் நடுவே பல ஆயிரம் கிலோமீட்டர் கடல் கிடக்கிறது.

2017: எச்சரிக்கை வரும் முன்பே வந்த வெள்ளம்

2015-16-ல் ஒரு பெரிய எல் நினோ வந்து போனது. 2016-ன் பிற்பகுதியில் பசிபிக்கின் நடுப்பகுதி குளிர்ந்து, எல் நினோவுக்கு எதிர்நிலையான லா நினா பலவீனமாக உருவானது. பெருவில் யாரும் வெப்பத்தை எதிர்பார்க்கவில்லை. 2017 ஜனவரியில் கரையோரக் காற்று சட்டென்று தளர்ந்தது. சில வாரங்களிலேயே வடபெருக் கடலின் வெப்பம் சில இடங்களில் இயல்பைவிட 5 டிகிரிக்கு மேல் கூடியது. பிப்ரவரி, மார்ச்சில் வடகோடிக் கடல் 28 டிகிரியைத் தாண்டியது. என்ஃபென் பிப்ரவரி தொடக்கத்தில் கடலோர எல் நினோவை அறிவித்தது. அப்போது மழை ஏற்கனவே தொடங்கியிருந்தது.

மார்ச்சில் ட்ருஹியோ நகரின் நடுச்சதுக்கம் வரை சேற்று வெள்ளம் திரும்பத் திரும்ப வந்தது. அது வந்த வழி, மலையடியிலிருந்து நகருக்குள் இறங்கும், வழக்கமாக வறண்டு கிடக்கும் ஓர் ஓடை. மார்ச் 27 அன்று பியூரா ஆறு கரை உடைத்து பியூரா நகரத்துக்குள் புகுந்தது. நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இப்படி ஒன்று முன்பும் நடந்திருக்கிறது. 1925-ல் வடபெருவை மூழ்கடித்த மழையும் கடலோர வகைதான் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆனால் இடையில் வந்த 1982-83, 1997-98 நிகழ்வுகள் மிகப் பெரியவை என்பதால், எல் நினோ என்றாலே நடுப் பசிபிக்கிலிருந்து வருவது என்ற எண்ணம் ஊறிவிட்டது. 2017-ல் உலக முன்னறிவிப்புகள் நடுப் பசிபிக்கைப் பார்த்து 'நடுநிலை' என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, பியூராவில் மக்கள் கூரைமேல் ஏறி நின்றார்கள்.

பாலைவனத்தில் ஏன் மழை?

பெருவின் கடலோரம் உலகின் மிக வறண்ட நிலங்களில் ஒன்று. லிமாவில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை, சென்னையில் ஒரு சாதாரண மாலை மழைக்குக்கூட ஈடாகாது. கடல் பக்கத்திலேயே இருந்தும் மழை இல்லாததற்குக் காரணம் அந்தக் கடலின் குளிர்தான். கடலை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகக் கீழேயே கிடக்கிறது. அதற்கு மேலே வெப்பக் காற்று மூடியிருக்கிறது. ஈரக்காற்று அதைத் துளைத்து மேலே ஏற முடிவதில்லை. ஏறாத காற்றில் மழைமேகம் திரளாது. பனிமூட்டமும் தூறலும் மட்டும்தான்.

கடல் சூடானால் இந்த மூடி திறந்துகொள்கிறது. மேற்பரப்பு 26, 27 டிகிரியைத் தாண்டும்போது உயரமான இடிமேகங்கள் எழத் தொடங்கும். இங்கே கவனிக்க வேண்டியது பருவம். இயல்பைவிட 3 டிகிரி கூடுவது ஆகஸ்டில் நடந்தால், 16 டிகிரி 19 ஆகும், அவ்வளவுதான், மழை வராது. அதே 3 டிகிரி மார்ச்சில் வடக்கே நடந்தால் எல்லையைத் தாண்டிவிடும். அதனால்தான் பெருவில் 'எவ்வளவு கூடியது' என்பதோடு 'எந்த மாதத்தில் கூடியது' என்றும் கேட்கிறார்கள்.

மழையே காணாத நிலத்தில் மழைக்கான எந்த ஏற்பாடும் இருக்காது. வடிகால் இல்லை, வெயிலில் காய்ந்த மண்கல் வீடுகள், ஓடைப் படுகையிலேயே எழுந்த குடியிருப்புகள். சரிவில் செடிகொடி இல்லாததால் நீர் மண்ணையும் பாறையையும் அள்ளிக்கொண்டு இறங்குகிறது. 1998-ல் பெய்த மழையில் செச்சூராப் பாலைவனத்தின் நடுவே ஓர் ஏரியே உருவாகி, சில மாதங்கள் பெருவின் மிகப் பெரிய நீர்நிலைகளில் ஒன்றாக நின்றது.

வான்சாக்கோவுக்கு அருகே வான்சாக்கிட்டோ என்ற இடத்தில் 2011 முதல் நடந்த அகழாய்வில், ஏறத்தாழ 1450-ல், அந்தக் கரையை அப்போது ஆண்ட சிமு அரசில் பலியிடப்பட்ட சுமார் 140 குழந்தைகளின் எலும்புகளும் லாமா என்ற ஒட்டக இன விலங்குகள் 200-க்கும் மேற்பட்டவற்றின் எலும்புகளும் கிடைத்தன. அந்தக் குழிகள் வெட்டப்பட்டிருந்தது தடித்த சேற்று அடுக்கின்மேல். பாலைவனத்தில் அவ்வளவு சேறு வர, பெருமழை பெய்திருக்க வேண்டும். எல் நினோவால் வந்த அழிவை நிறுத்தச் செய்த பலியாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம். நிரூபணமான முடிவாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் இந்தக் கரையில் கடல் சூடாவதை மனிதர்கள் எவ்வளவு அஞ்சியிருக்கிறார்கள் என்பதற்கு அந்தச் சேறு சாட்சியாக இருக்கக்கூடும்.

வெள்ளம் வடிந்த பிறகும் துன்பம் தீர்வதில்லை. தேங்கிய நீரும் கூடிய வெப்பமும் கொசுவைப் பெருக்குகின்றன. 2023-ல் மீண்டும் கடலோர எல் நினோ வந்தபோது, பெருவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது, 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பொறுப்பில் இருந்த சுகாதார அமைச்சர் ஜூன் மாதம் பதவி விலகினார். 2017-க்குப் பிறகு சேதத்தைச் சீர்செய்யத் தனி ஆணையமே அமைக்கப்பட்டது, நிதியும் ஒதுக்கப்பட்டது. ஆனால் ஆறு ஆண்டுகள் கழித்து வெள்ளம் திரும்ப வந்தபோது வடிகால், கரை கட்டும் பணிகள் பல முடியாமலே கிடந்தன. இதைக் கடல்மேல் பழிபோட முடியாது.

நெத்திலி எங்கே போகிறது?

மீனைப் பற்றிய செய்திகள்தான் படிப்பவரை அதிகம் குழப்புகின்றன. கடல் சூடானால் மீன் செத்துப்போகும் என்று நேராக நினைத்துக்கொள்கிறோம். நடப்பது அவ்வளவு நேரானதல்ல.

1. *முதலில் வலை நிறையும்.* பெருவின் நெத்திலிக்குக் குளிர்நீர் வேண்டும். வெதுநீர் ஆழ்கடலிலிருந்து கரைப்பக்கம் நெருங்கும்போது, மிச்சமிருக்கும் குளிர்நீர் கரையை ஒட்டிய ஒடுங்கிய பட்டையாகச் சுருங்குகிறது. பரந்த கடலில் சிதறியிருந்த மீன் முழுவதும் அந்தப் பட்டைக்குள் நெருக்கியடித்து நிற்கும். அப்போது வலை போட்டால் அள்ளலாம். 1972-ன் தொடக்கத்தில் இப்படித்தான் நடந்தது. பிடிப்பு கூடியதைப் பார்த்து, மீன் ஏராளமாக இருக்கிறது என்று எண்ணியவர்கள் உண்டு. உண்மையில் அது தப்பிக்க இடமில்லாமல் நின்ற மீன்.

2. *பிறகு காணாமல் போகும்.* வெப்பம் நீடித்தால் மீன் ஆழத்துக்கும் தெற்குக்கும் போகும். உரச்சத்து இல்லாததால் இரையும் குறைந்திருக்கும். மீன் மெலியும், முட்டையிடுவது குறையும். 1970-ல் பெரு பிடித்த நெத்திலி 1 கோடியே 20 லட்சம் டன்னுக்கும் மேல். 1973-ல் அது 20 லட்சம் டன்னுக்கும் கீழே விழுந்தது. எல் நினோ மட்டும் செய்த வேலையல்ல இது. அதற்கு முன்பே அளவுக்கு மீறிப் பிடித்து மீன் வளத்தைப் பலவீனமாக்கியிருந்தார்கள். பலவீனமான வளத்தின்மேல் வெப்பம் வந்து விழுந்தது.

3. *பறவையும் கடற்சிங்கமும் பட்டினி கிடக்கும்.* நெத்திலியை நம்பி வாழும் நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் ஆழத்தில் இருக்கும் மீனை எட்ட முடியாது. பெரும் எல் நினோ ஆண்டுகளில் குஞ்சுகளை விட்டுவிட்டுப் பறந்துவிடுகின்றன, கரையெங்கும் செத்து ஒதுங்குகின்றன. 19-ம் நூற்றாண்டில் இந்தப் பறவைகளின் எச்சத்தை உரமாக விற்றுத்தான் பெருவின் கருவூலம் நிறைந்தது.

4. *சில உயிர்களுக்கு இது நல்ல காலம்.* வெதுநீரோடு சூரை, மாஹிமாஹி ஆகிய மீன்களும் இறாலும் தெற்கே இறங்கி வருகின்றன. தென்கடலோரத்தின் பிஸ்கோ பகுதியில் 1983-லும் 1998-லும் விசிறிச் சிப்பி பல மடங்கு பெருகியது. மேலெழுச்சி பலமாக இருக்கும் சாதாரணக் காலத்தில் அங்கே கடலடியில் ஆக்சிஜன் குறைவு. எல் நினோவில் ஆக்சிஜன் உள்ள நீர் கீழே வரை இறங்குவதால் சிப்பி செழிக்கிறது. ஆனால் அதே சிப்பி 2017-ல் வடக்கே செச்சூரா விரிகுடாவில் கூட்டங்கூட்டமாகச் செத்தது. வெப்பத்தோடு ஆற்று வெள்ளத்தின் நன்னீரும் சேர்ந்து வந்ததால் அங்கே நிலைமை வேறாகிவிட்டது.

பெருவில் பிடிக்கும் நெத்திலியில் பெரும்பகுதி மனிதர் தட்டுக்குப் போவதில்லை. அரைத்து மீன்தூளாக்கி, கோழி, பன்றி, வளர்ப்பு மீன்களுக்குத் தீவனமாக உலகெங்கும் அனுப்புகிறார்கள். அதனால்தான் 1972-73 சரிவு தொலைதூரச் சந்தைகளையும் தொட்டது. தீவனத்துக்கு மாற்றாகச் சோயாவைத் தேடினார்கள், சோயா விலை ஏறியது. 1973 ஜூனில் அமெரிக்கா சோயா ஏற்றுமதிக்கே தடை போட்டது. அந்த விலையேற்றத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, நெத்திலியும் அவற்றில் ஒன்று.

அந்தப் படிப்பினைக்குப் பின் நிர்வாகம் மாறியது. இன்று பெருவின் கடல் ஆய்வு நிறுவனமான இமார்பே ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் கப்பல்களை அனுப்பி மீன் வளத்தை மதிப்பிடுகிறது. குஞ்சு மீன் அதிகமாக இருந்தால் பருவத்தையே நிறுத்துகிறார்கள். 2023-ன் முதல் பருவம் அப்படித்தான் ரத்தானது. நாட்டின் ஏற்றுமதிக்கு அது பெரிய அடி. இருந்தாலும் சரியான முடிவு என்றே நினைக்கிறேன். 1972-ல் அந்த முடிவை எடுக்கத் துணிந்திருந்தால் வளம் மீள அத்தனை ஆண்டுகள் பிடித்திருக்காது.

இந்த ஏற்பாட்டில் விடுபடுபவர் வான்சாக்கோவின் கோரைப் படகுக்காரர். பெரிய கப்பல் மீனைத் தேடித் தெற்கே போகலாம். நிறுவனம் ஒரு பருவம் காத்திருக்கலாம். கோரைப் படகில் போகிறவருக்குக் கரையிலிருந்து எட்டும் தூரம்தான் கடல். மீன் அந்த எல்லையைத் தாண்டினால் அவருக்கு அன்றைய வருமானம் இல்லை. சூரையும் மாஹிமாஹியும் வடக்கிலிருந்து வந்தாலும், அவற்றைப் பிடிக்க வேறு படகும் வேறு கருவியும் வேண்டும்.

முன்கூட்டியே சொல்ல முடியுமா?

முதல் வழியில் வரும் எல் நினோவை ஓரளவுக்குச் சொல்லலாம். 1982-83 நிகழ்வு முற்றிய பிறகுதான் உலகம் அதைக் கவனித்தது. அந்த ஆண்டு மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை வெடித்து, அதன் தூசு செயற்கைக்கோள் அளவீடுகளைக் குழப்பியதும் ஒரு காரணம். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு நிலநடுக்கோட்டுப் பசிபிக் முழுவதும் நங்கூரமிட்ட மிதவைக் கருவிகளை வரிசையாக நிறுத்தினார்கள். 1994-ல் அந்த வலையமைப்பு முழுமையானது. கெல்வின் அலை கிளம்பும்போதே மிதவைகள் சொல்லிவிடும். அலை பெருவை அடைய இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பதால், அந்த அவகாசம் கையில் கிடைக்கிறது.

இரண்டாம் வழியில் அந்த அவகாசம் இல்லை. கரையோரக் காற்று அடுத்த மாதம் தளருமா என்பதை இன்றைய வானிலை மாதிரிகளால் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. கடலோர எல் நினோவைப் பொறுத்தவரை சில வார அவகாசமே கிடைக்கிறது. அப்படியானால் எச்சரிக்கை வந்த பிறகு ஓடையைத் தூர்வாரத் தொடங்குவதில் பயனில்லை, அது முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை.

புவி வெப்பமாதலால் இது கூடுமா என்று கேட்பார்கள். கடல் பொதுவாகச் சூடாகி வருவதால், ஒவ்வொரு எல் நினோவும் கூடுதல் வெப்பத்தின்மேல் ஏறி உட்காருகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் கரையோரக் காற்று பலப்பட்டு மேலெழுச்சி கூடுமா, தளர்ந்து குறையுமா என்பதில் அறிவியலாளர்கள் இடையே ஒத்த கருத்து இன்னும் இல்லை. எனவே பெருவில் கடல் ஒரு மாதம் சூடாக இருந்ததை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் முடிவு சொல்லக் கூடாது.

தமிழ்நாட்டுக்கு இதனால் என்ன?

நடுப் பசிபிக் எல் நினோவுக்கும் இந்திய மழைக்கும் உறவு உண்டு. அதைத் தேடத் தொடங்கியது இந்தியாவிலிருந்தே. 1876-78-ல் சென்னை மாகாணத்தை அழித்த தாது வருடப் பஞ்சம், வரலாற்றின் மிகப் பலமான எல் நினோக்களில் ஒன்றோடு சேர்ந்து வந்தது. ஆங்கில அரசின் கொள்கை அந்த வறட்சியைப் பெரும் சாவாக மாற்றியது என்பது தனிக்கதை. 1904 முதல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை தாங்கிய கில்பர்ட் வாக்கர், பருவமழை பொய்ப்பதை முன்கூட்டியே அறிய உலகெங்கும் உள்ள அழுத்தக் கணக்குகளை ஒப்பிட்டார். பசிபிக்கின் இரு பக்கமும் காற்றழுத்தம் மாறி மாறி ஏறி இறங்குவதை அவர் கண்டது அப்படித்தான்.

அந்த உறவு பொதுவாக இப்படி இருக்கும்: நடுப் பசிபிக் சூடானால் தென்மேற்குப் பருவமழை தளரும் வாய்ப்பு கூடுகிறது. தமிழ்நாட்டுக்கு முக்கியமான வடகிழக்குப் பருவமழையோ வலுக்கும் பக்கம் சாய்கிறது. 2015 இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அந்த ஆண்டு நாட்டில் பல பகுதிகள் வறட்சியில் இருந்தன, ஆண்டு இறுதியில் சென்னை மூழ்கியது. ஆனால் இது வாய்ப்புக் கணக்குதான். 1997-ல் அவ்வளவு பெரிய எல் நினோ இருந்தும் தென்மேற்குப் பருவமழை பொய்க்கவில்லை. இந்தியப் பெருங்கடலின் நிலைமையும் கணக்கில் சேர்கிறது.

பெருவின் கரையோரம் மட்டும் சூடாவதற்கு இந்திய மழையோடு இப்படி ஒரு நேரடி உறவு கண்டறியப்படவில்லை. சில சமயம் அது பெரிய நிகழ்வின் முன்னோட்டமாக இருக்கும். 2023-ல் கடலோரம் மார்ச்சில் சூடானது, ஜூனில் பசிபிக் எல் நினோவும் வந்தது, இந்தியாவில் அந்த ஆண்டின் ஆகஸ்ட் 1901-க்குப் பிறகு மிக வறண்ட ஆகஸ்டாகப் பதிவானது. சில சமயம் அப்படி எதுவும் தொடராது. 2017-ல் கடலோர வெப்பம் மே மாதத்துக்குள் அடங்கிவிட்டது, அந்த ஆண்டின் இறுதியில் வந்தது லா நினா.

ஆகவே பெருவிலிருந்து எல் நினோ செய்தி வந்தால், முதலில் அது நினோ 1+2 பற்றியதா, நினோ 3.4 பற்றியதா என்று பாருங்கள். முதலாவது என்றால், அப்போது கவலைப்பட வேண்டியவர்கள் பியூராவிலும் ட்ருஹியோவிலும் வான்சாக்கோவிலும் இருப்பவர்கள். நம் பருவமழைக்கான கணிப்பை இந்திய வானிலை ஆய்வுத் துறை ஏப்ரல் நடுவில் ஒருமுறையும் மே இறுதியில் திருத்தி மறுமுறையும் வெளியிடுகிறது. நினோ 3.4 நிலவரமும் இந்தியப் பெருங்கடல் நிலவரமும் அந்த அறிக்கையிலேயே இருக்கும்.